தென்வானத்து முகில்கள்: புத்தளக் கரையிலிருந்து தெரியும் பால்வீதியும் பேரடைகளும்

இலங்கையின் மேற்குக் கரையில், மா ஓயா கடலில் கலக்கும் இடத்திலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் கரை வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டம். வட அகலக்கோடு 7¼ பாகைக்கும் 8½ பாகைக்கும் இடைப்பட்ட நிலம் இது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அண்மையில் நிற்பவருக்கு வட வானமும் தென் வானமும் ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கின்றன. கற்பிட்டியில் துருவமீன் வடக்குத் தொடுவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில் மங்கலாக நிற்கிறது. தென்முனை தொடுவானத்துக்குக் கீழே அதே 8 பாகையில் மறைந்திருக்கிறது. அந்த மறைந்த சிறு வட்டத்தைத் தவிர வானத்தில் உள்ள அனைத்தும் ஆண்டில் ஏதோ ஓர் இரவில் இந்தக் கரைக்கு மேலே எழுந்து செல்லும். பால்வீதி என்ற வெண்ணிறப் பட்டியின் முழுச் சுற்றும் அதில் அடங்கும். பால்வீதிக்கு வெளியே உள்ள பேரடைகளில் வெறுங்கண்ணுக்கு எளிதாகத் தெரிபவை மூன்று. இரு மகெல்லன் முகில்கள், அந்திரொமேடா ஆகிய அந்த மூன்றும் இங்கே தெரியும்.

காற்றின் பருவமே இந்த வானத்தையும் பங்கிட்டுத் தருகிறது. வாடை வீசும் மாதங்களில் மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலைப் பாடுகள் நிறைந்திருக்கும். அந்த மாதங்களில், மழை விட்ட தை மாத இரவொன்றில், 9 மணியளவில் தெற்கே பார்த்தால் தொடுவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் முட்டிக்குச் சற்று மேலே, புகைபோன்ற ஒரு திட்டுத் தெரியும். இது பெரிய மகெல்லன் முகில். சிறிய மகெல்லன் முகில் அதற்கும் முன்னரே உச்சிக்கோட்டைக் கடந்துவிடும். அதன் உயரம் 9 பாகையைத் தாண்டுவதில்லை. சோழகம் கிளம்பிக் கடல் கொந்தளிக்கும்போது மேற்குக் கரை மீனவர் பலர் கிழக்குக் கரையில் வாடி அமைக்கப் போய்விடுவார்கள். உப்பளங்களில் வெயில் காயும் அந்த ஆடி ஆவணி இரவுகளில் பால்வீதியின் மிகத் தடித்த, மிக ஒளிமிக்க பகுதி தெற்கே 53 பாகை உயரத்துக்கு ஏறி நிற்கும். பால்வீதியின் மையம் இருக்கும் திசை அதுவே. ஐரோப்பாவிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மையத் திசை தொடுவானத்து மூட்டத்தில் அரைகுறையாகவே தெரிந்தது. இரண்டு முகில்களும் தெரியவே இல்லை. பேரடைகளைப் பற்றிய அறிவு பிந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்தக் கரையின் வானம் எழுத்தில் ஏறிய பழைய இடம் உரோமாபுரியைச் சேர்ந்த பிளினி கி.பி. 77இல் முடித்த இயற்கை வரலாறு. செங்கடல் வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டுத் தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த இலங்கையில் ஹிப்புரி என்ற துறையில் ஒதுங்கியதாகவும், அதன் பின்னர் அத்தீவின் அரசன் குளோடியஸ் பேரரசரிடம் நான்கு தூதுவரை அனுப்பியதாகவும் பிளினி எழுதுகிறார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் கரையில் செம்மண் மேடாக நிற்கும் குதிரைமலையே அந்தத் துறை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உரோமாபுரிக்குப் போன தூதுவர் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகையையும் புதிய வானத்தைக் கண்டவர்போல வியந்து நோக்கினர் என்றும், தங்கள் நாட்டு இரவுகளைக் கனோப்பஸ் என்ற பெரிய விண்மீன் ஒளிரச் செய்கிறது என்று கூறினர் என்றும் பிளினி சொல்கிறார்.

இதில் பாதி பிழை. ஆறாமீன் என்று கடலோடிகள் சொல்லும் கார்த்திகை இந்தக் கரையில் ஏறத்தாழத் தலைக்கு மேலே போகும். சப்தரிஷி மண்டலமும் சித்திரை வைகாசியில் வடக்கே நன்றாக எழும். கேட்டு எழுதியவர் எங்கோ குழப்பியிருக்கிறார். கனோப்பஸ் பற்றிய பாதி மட்டும் மறுக்க முடியாதது. அகத்தியர் என்று தமிழர் அழைக்கும் அந்த விண்மீன் உரோமாபுரியில் உதிப்பதே இல்லை. புத்தளக் கரையில் 29 பாகை வரை ஏறும். கப்பலோட்டும்போது தப்ரபேனியர் விண்மீன்களைப் பார்ப்பதில்லை, பறவைகளைப் பறக்கவிட்டு அவற்றின் பின்னே கரையை அடைகிறார்கள் என்றும் பிளினி எழுதியிருக்கிறார். வடமுனை விண்மீன்கள் தாழ்ந்து கிடக்கும் அகலக்கோட்டில் அந்த முறைக்கு நியாயம் உண்டு.

பிற்காலத்தில் இந்தக் கடலில் விண்மீன் அளவு வழக்கத்துக்கு வந்தது. அரபு மாலுமிகள் துருவமீனின் உயரத்தை விரற்கிடையால் அளந்தனர். அது மிகத் தாழ்ந்து தெரியாமல் போகும்போது அதனைச் சுற்றிவரும் வேறு விண்மீன்களின் உயரத்தைக் கணக்கில் எடுத்தனர். சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளிடம் இருந்த இராப்பலகை அதே வகைக் கருவி. ஒரு சிறு பலகையின் நடுவில் கயிறு; கயிற்றில் முடிச்சுகள்; ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறை. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்தால், பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொடும்போது கப்பல் அந்தத் துறையின் அகலக்கோட்டில் இருக்கிறது என்று பொருள். காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1850இல் சென்னையில் வெளியான கட்டுரையில் இக்கரை மாலுமிகளின் கருவிகளை விவரித்திருக்கிறார். இத்தகைய அறிவு இல்லாத கப்பலுக்கு என்ன நேரும் என்பதற்குப் புத்தளமே சான்று. 1344இல் இப்னு பத்தூதா மாலைதீவிலிருந்து மஅபர் என்ற தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். தேர்ந்த மாலுமி கப்பலில் இல்லை. மூன்று நாள் பயணம் ஒன்பது நாளானது. கப்பல் வந்து சேர்ந்ததோ இலங்கை. அவர் இறங்கிய பட்டாலா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த புத்தளம்.

மாலுமிக்கு வேண்டியது ஒரு புள்ளி. பலகை விளிம்பில் பொருத்தத்தக்க கூர்மையான ஒளி இருந்தால்தான் அது துறை காட்டும். பரந்து மங்கிய பால்வீதியோ, விளிம்பில்லாத முகில் திட்டுகளோ அவருக்கு உதவமாட்டா. வானத்தின் எல்லாப் பொருள்களிலும் மிகப் பெரியவை இவ்வாறு கடற்கலையின் கணக்குக்கு வெளியே நெடுங்காலம் நின்றன. எழுதிவைத்தவர்கள் சிலர். பாரசீகரான அப்துர் ரஹ்மான் அல் சூஃபி 964 அளவில் எழுதிய நிலைமீன்கள் நூலில் அந்திரொமேடா உடுத்தொகுதியில் ஒரு சிறு முகில் இருப்பதைக் குறித்தார். பால்வீதிக்கு வெளியே உள்ள ஒரு பேரடை பற்றி ஐயமறக் கிடைக்கும் பழைய குறிப்பு அது. மகெல்லனின் கப்பற்கூட்டத்தில் சென்று உலகைச் சுற்றிய பிகபெற்றா, தென்முனைக்கு அருகே சிறு விண்மீன்கள் திரண்டு இரண்டு முகில்கள்போலத் தோன்றுவதை எழுதினார். முகில்களுக்கு மகெல்லனின் பெயர் நிலைத்தது அதற்குப் பிந்தி. போர்த்துக்கேயர் மகெல்லனுக்கு முன்னரே நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தக் கடலுக்கு வந்துவிட்டவர்கள். மாலுமிகள் அவற்றை முனை முகில்கள் என்றும் அழைத்ததுண்டு.

தென்வானத்தை முறையாகப் பட்டியலிட்டது ஒல்லாந்தர். 1595இல் கிழக்கே புறப்பட்ட அவர்களின் முதற் கப்பற்கூட்டத்தில் இருந்த பீட்டர் கெய்சரும் பிரெடெரிக் டி ஹூட்மனும் தென் விண்மீன்களின் இடங்களை அளந்தனர். கெய்சர் 1596இல் பயணத்திலேயே இறந்தார். ஹூட்மன் தம் பட்டியலை 1603இல் ஒரு மலாய் அகராதியுடன் சேர்த்து வெளியிட்டார். அவர்களின் அளவுகளிலிருந்து உருவான தொராடோ, துக்கானா உடுத்தொகுதிகளிலேயே இன்று பெரிய முகிலும் சிறிய முகிலும் குறிக்கப்படுகின்றன. அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 1667இல், அதே நாட்டவர் புத்தளக் களப்பின் வாயைக் காக்கக் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கோட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது.

பால்வீதி எண்ணற்ற விண்மீன்களின் திரள் என்பதை 1610இல் கலிலியோ தொலைநோக்கியால் கண்டார். 1755இல் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட், மங்கிய நீள்வட்டத் திட்டுகள் பால்வீதியைப் போன்ற தனி உலகங்களாக இருக்கலாம் என்று எழுதினார். கணக்கெடுக்க முனைந்தவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில் தம் தொலைநோக்கியை வானத்தின் நூற்றுக்கணக்கான இடங்களுக்குத் திருப்பி ஒவ்வொன்றிலும் விண்மீன்களை எண்ணி, 1785இல் பால்வீதியின் முதல் வரைபடத்தை வெளியிட்டார். தட்டையான, விளிம்பு கிழிந்த ஒரு வட்டு. நடுவுக்கு அருகில் சூரியன். தட்டை என்பது சரி, நடு என்பது தவறு. விண்மீன்களுக்கிடையே தூசு கிடந்து ஒளியை மறைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மூட்டத்தில் நிற்பவர் எத்திசையிலும் ஒரே தொலைவே பார்ப்பதால் தம்மையே நடுவில் நிற்பதாக எண்ணுவதைப் போன்றது அந்தத் தவறு.

அவரது மகன் ஜோன் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை தென்னாபிரிக்க முனையில் தங்கி இரு முகில்களையும் நுணுகி ஆராய்ந்தார். அவற்றுள் விண்மீன்கள், கொத்துகள், வாயு முகில்கள் எல்லாம் கலந்து கிடப்பதைக் கண்டார். முகில்கள் வெறும் புகையல்ல, தனித் தொகுதிகள் என்பதற்கான முதல் விரிவான சான்று அது. 1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 1.8 மீற்றர் ஆடி கொண்ட தொலைநோக்கியில் எம்51 என்ற திட்டில் சுருள் வடிவத்தைக் கண்டார். அதற்குப் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள் முகில்கள் கண்டறியப்பட்டன. அவை பால்வீதிக்கு உள்ளே இருக்கும் வாயுச் சுழல்களா, வெளியே இருக்கும் தனி விண்மீன் நாடுகளா? தொலைவை அளக்கும் கோல் இல்லாத வரை இந்தக் கேள்விக்கு விடையில்லை.

அந்த அளவுகோல் புத்தளக் கரையில் தெற்கே ஒரு முட்டி உயரத்தில் தாழ்ந்து தெரியும் சிறிய முகிலிலிருந்து வந்தது. ஹாவர்ட் வானாய்வகம் பெரு நாட்டின் அரக்கீப்பாவில் ஒரு கிளையை நடத்தியது. அங்கே எடுத்த ஒளிப்படத் தகடுகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருந்த ஹென்றியேட்டா லீவிட் 1908இல் இரு முகில்களிலும் 1,777 மாறுமீன்களைப் பட்டியலிட்டார். 1912இல் சிறிய முகிலின் 25 மாறுமீன்களைக் கொண்டு ஓர் ஒழுங்கை நிறுவினார்: கூடிக் குறையும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு அதிக நாள் எடுக்கிறதோ, அந்த மீன் அவ்வளவு ஒளிமிக்கது. ஒரே முகிலில் இருப்பவை பூமியிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால்தான் இந்த ஒழுங்கு வெளிப்பட்டது. செஃபீட் என்ற இந்த வகை மாறுமீன் எங்கே தெரிந்தாலும், அதன் சுற்றுக்காலத்தை எண்ணினால் உண்மை ஒளி தெரியும். தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். லீவிட் அந்த முகிலைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அவர் பணிசெய்த நகரின் அகலக்கோட்டில் அது உதிப்பதில்லை. மாலுமிக்குத் துறை காட்டாத முகில், கண்ணாடித் தகடு வழியாகப் பேரண்டத்தின் அளவுகோலானது.

அந்தக் கோலை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியவர் ஹார்லோ ஷாப்லி. இலட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கோளக் கொத்துகளின் தொலைவை அவர் கணித்தார். அவை வானம் முழுதும் சமமாகப் பரவாமல் தனுசு திசையில் மொய்த்துக் கிடந்தன. கொத்துகள் சூழ்ந்திருக்கும் இடமே பால்வீதியின் மையம், சூரியன் அதிலிருந்து வெகு தொலைவில் ஓர் ஓரத்தில் இருக்கிறது என்று 1918இல் அவர் முடிவுகட்டினார். வட ஐரோப்பாவில் தனுசு மரங்களுக்கிடையே எட்டிப்பார்க்கும் உடுத்தொகுதி. புத்தளத்தில் அது வானத்தின் நடுப்பகுதிக்கே வரும். கோளக் கொத்துகளுள் மிகப் பெரிதான ஒமேகா செந்தோரியும் 34 பாகை உயரத்தில் ஒரு மங்கிய விண்மீன்போல வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஷாப்லி கணித்த பால்வீதியின் குறுக்களவு 3 இலட்சம் ஒளியாண்டு. தூசைக் கணக்கில் கொள்ளாததால் அது பன்மடங்கு மிகையாயிற்று. அவ்வளவு பெரிய பால்வீதியில் சுருள் முகில்களும் அடங்கிவிடும் என்று அவர் எண்ணினார். ஹீபர் கர்ட்டிஸ் அவை வெளியே உள்ள தனிப் பேரடைகள் என்றார். 1920 ஏப்ரல் 26 அன்று வொஷிங்டனில் இருவரும் ஒரே மேடையில் வாதிட்டனர். பால்வீதியில் சூரியனின் இடம் பற்றி ஷாப்லி சொன்னது சரியாகவும், சுருள்கள் பற்றிக் கர்ட்டிஸ் சொன்னது சரியாகவும் பின்னர் தெரிந்தது.

தீர்ப்பு சொன்னது மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 2.5 மீற்றர் தொலைநோக்கி. 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் அந்திரொமேடாவில் ஒரு செஃபீட் மாறுமீனைக் கண்டார். லீவிட்டின் கோல் கொடுத்த தொலைவு சுமார் 9 இலட்சம் ஒளியாண்டு. பால்வீதிக்குள் அது அடங்க வழியே இல்லை. 1925 சனவரி முதலாந் திகதி வொஷிங்டன் கூட்டத்தில் இந்த முடிவு வாசிக்கப்பட்டது. செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்பதை 1952இல் வால்டர் பாடே அறிவித்ததும் தொலைவு இரட்டித்தது. இன்றைய அளவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு. சிறிய முகிலும் அந்திரொமேடாவும் வானத்தில் ஏறத்தாழ ஒரே உச்சிக்கோட்டு நேரம் கொண்டவை. டிசெம்பர் தொடக்கத்தில் இரவு 8 மணியளவில் கற்பிட்டிக் கடற்கரையில் நின்றால், அளவுகோல் கிடைத்த முகில் நேர் தெற்கே 9 பாகையிலும், அது அளந்த முதற் பேரடை நேர் வடக்கே 57 பாகையிலும் ஒரே வேளையில் நிற்கின்றன. வட ஐரோப்பாவிலிருந்து முன்னதைக் காண முடியாது. தென்கோடி நிலங்களிலிருந்து பின்னதைக் காண முடியாது.

ஹபிள் 1926இல் பேரடைகளை வடிவம் பார்த்து வகுத்தார். 1936இல் வெளியான தம் நூலில் அந்த வகுப்பை இசைக்கவை வடிவில் வரைந்தார். கவையின் கைப்பிடியில் நீள்வட்டப் பேரடைகள்: முழு உருண்டை முதல் நன்கு தட்டையான முட்டை வடிவம் வரை. இவற்றில் வாயுவும் தூசும் குறைவு, புதிய விண்மீன் பிறப்பு அரிது, இருக்கும் விண்மீன்கள் முதியவை, செந்நிறத்தவை. கன்னித் தொகுதியில் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 இவற்றின் பெரும் எடுத்துக்காட்டு. சித்திரை இரவுகளில் அது புத்தளத்தின் தலைக்கு மேலாகவே கடந்துபோகிறது, கண்ணுக்குத் தெரியாமல். கவையின் ஒரு கிளையில் சுருள் பேரடைகள், மறு கிளையில் நடுவே சட்டம் கொண்ட சுருள் பேரடைகள். சுருளில் ஒரு நடுப்புடைப்பும், அதைச் சூழ்ந்த மெல்லிய வட்டும், வட்டில் கைகளும் உண்டு. கைகள் திடப்பொருள்கள் அல்ல. நெரிசலான சந்தியில் வாகனங்கள் மாறிமாறி வந்து போனாலும் நெரிசல் நிற்பதுபோல, வாயுவும் விண்மீன்களும் கைக்குள் புகுந்து வெளியேறுகின்றன. அங்கே வாயு அமுங்குவதால் புதிய நீல விண்மீன்கள் பிறந்து கையை ஒளிரச் செய்கின்றன. கிளைகள் பிரியும் மூட்டில் வில்லை வடிவப் பேரடைகள்: வட்டு உண்டு, கை இல்லை. இந்த ஒழுங்கில் அடங்காதவற்றை ஒழுங்கற்றவை என ஹபிள் ஒதுக்கினார். மகெல்லன் முகில்கள் அங்கேதான் சேர்ந்தன.

ஒதுக்கப்பட்ட அந்தப் பெட்டி மறுபடி திறக்கப்பட்டது. பெரிய முகிலில் நடுச் சட்டமும் மங்கிய ஒற்றைச் சுருளும் இருப்பதை எடுத்துக்காட்டிய பிரெஞ்சு வானியலாளர் ஜெரார்ட் டி வொகுலர், 1959இல் ஹபிளின் முறையை விரித்து, சுருளின் கடைசிப் படியாக மகெல்லன் வகை ஒன்றைச் சேர்த்தார். புத்தளத்தின் தெற்கு வானத்தில் வகை மீறும் வேறொரு பேரடையும் உண்டு. 1826இல் அவுஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்த செந்தோரஸ் ஏ, நீள்வட்ட உருவின் குறுக்கே தூசுப் பட்டி இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கிறது. ஒரு பேரடை இன்னொன்றை விழுங்கியதன் தடயம் அது. வடிவம் என்பது பிறப்பிலேயே நிலைத்த குணமன்று, பேரடை கடந்துவந்த மோதல்களும் அதில் பதிந்திருக்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வு இத்தகைய உருவங்களிலிருந்தே கற்றது.

சொந்தப் பேரடையின் வடிவத்தை அறிவதோ இன்னும் கடினமாக இருந்தது. உள்ளே இருந்துகொண்டு வீட்டின் வெளித்தோற்றத்தை வரைய வேண்டிய நிலை. முதல் தடை தூசு. ஆடி மாத இரவில் புத்தளக் கரையில் பால்வீதியைப் பார்ப்பவருக்கு அதன் நடுவே கருமையான பிளவு ஓடுவது தெரியும். அது வெற்றிடம் அன்று, திரை. 1930இல் ரொபர்ட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளின் தோற்ற அளவையும் ஒளியையும் ஒப்பிட்டு, பால்வீதித் தளம் எங்கும் தூசு பரவி ஒளியைக் குறைப்பதை மெய்ப்பித்தார். அத்தூசு எதனால் ஆனது என்ற கேள்வியில் ஓர் இலங்கையர் பெயர் வருகிறது. 1939இல் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து 1962இல், விண்மீனிடைத் தூசு காரீயம் எனப்படும் கிராபைட்டுத் துகள்களாக இருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். பனித் துகள் என்பதே அதுவரை நிலவிய கருத்து. காரீயத்தோடு சிலிக்கேற்றும் கலந்தது என்ற மாதிரியே பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது. புத்தளத்துக்கு அயல் மாவட்டமான குருநாகலின் கஹட்டகஹவில் காரீயம் தோண்டி எடுக்கும் நாட்டிலிருந்து அந்தக் கருத்துக்காரர் வந்தார் என்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் மனத்தில் நிற்கும் தற்செயல்.

தூசைக் கடந்து பார்க்க வானொலி அலை வழிதிறந்தது. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி தனுசு திசையிலிருந்து வரும் வானொலி இரைச்சலைக் கண்டார். ஐதரசன் அணு 21 சென்ரிமீற்றர் அலையை வெளியிடும் என்று 1944இல் நெதர்லாந்தின் வன் டி ஹல்ஸ்ட் கணித்தார். 1951இல் ஹாவர்டில் அது பிடிபட்டது. அதே ஆண்டில் வில்லியம் மோர்கன் இளம் நீல விண்மீன்களின் இடங்களைக் கொண்டு சூரியனுக்கு அருகிலுள்ள சுருள் கைகளின் துண்டுகளை வரைந்தார். 1958இல் ஊர்ட், கெர், வெஸ்டர்ஹூட் ஆகிய மூவர் ஐதரசன் வாயுவின் வரைபடத்தை வெளியிட்டனர். நெதர்லாந்திலிருந்து தெரியும் வட பாதியையும் சிட்னியிலிருந்து தெரியும் தென் பாதியையும் ஒட்டித்தான் அந்தப் படம் முழுமையடைந்தது.

இன்று அறியப்படும் பால்வீதி ஒரு சட்டச் சுருள் பேரடை. வட்டின் குறுக்களவு சுமார் 1 இலட்சம் ஒளியாண்டு. தடிப்பு ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு மட்டுமே. விண்மீன்கள் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை. நடுவில் முதிய விண்மீன்களின் புடைப்பு; அதன் ஊடாக ஒரு சட்டம். ஸ்பிற்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கணக்கெடுப்பு 2005இல் அதற்குச் சுமார் 27,000 ஒளியாண்டு நீளம் தந்தது. சட்டத்தின் முனைகளிலிருந்து கைகள் கிளம்புகின்றன. அவற்றுள் ஸ்கூட்டம் செந்தோரஸ் கையும் பெர்சியஸ் கையும் பெரியவை என்று 2008இல் அதே குழு கூறியது. எத்தனை கைகள் என்பதில் கருத்து இன்னும் ஒருமுகப்படவில்லை. சூரியன் ஒரியன் என்ற சிறு கையில், மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, விநாடிக்கு 220 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 23 கோடி ஆண்டு.

மையத்தில் 1974இல் பாலிக், பிரவுன் இருவரும் கண்ட செறிந்த வானொலிப் புள்ளி தனுசு ஏ* எனப்படுகிறது. அதைச் சுற்றிவரும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அங்கே 40 இலட்சம் சூரிய நிறை கொண்ட கருந்துளை இருப்பதை ரைன்ஹார்ட் கென்செலின் குழுவும் அந்திரியா கெஸின் குழுவும் காட்டின; 2020இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2022 மே 12 அன்று அதன் நிழலின் படம் வெளியானது. வட்டுக்கு வெளியே கோளக் கொத்துகளும் தனித்த முதிய விண்மீன்களும் பரந்த உருண்டையாகச் சூழ்கின்றன. அதையும் மீறிப் பெரிது கரும்பொருள். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அந்திரொமேடாவின் சுழற்சியை அளந்தபோது, ஒளி குறையும் வெளிப்புறத்திலும் வேகம் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத நிறை அங்கே இருந்தாலொழிய இது நடவாது. பால்வீதிக்கும் அதே கதைதான். 2013 டிசெம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பால்வீதி இன்னொரு பேரடையை விழுங்கியதன் எச்சங்களை 2018இல் அந்தத் தரவு காட்டியது. புத்தளத்தில் எளிதாகத் தெரியும் ஒமேகா செந்தோரி, இவ்வாறு விழுங்கப்பட்ட ஒரு சிறு பேரடையின் மிஞ்சிய நடுக்கரு என்று பலர் கருதுகின்றனர்.

இந்த ஆய்வுகள் எல்லாம் திரும்பத் திரும்ப வந்து சேர்வது தாழ்ந்த அந்த இரண்டு முகில்களுக்கே. 1974இல் அவுஸ்திரேலிய வானியலாளர்கள் முகில்களின் பின்னே நீண்டு ஓடும் ஐதரசன் ஓடையைக் கண்டனர். 1987 பெப்ரவரியில் பெரிய முகிலில் வெடித்த விண்மீன், தொலைநோக்கிகள் வந்த பிறகு வெறுங்கண்ணால் எளிதாகக் காணத்தக்க ஒளியோடு தோன்றிய முதல் மீயொளிர் விண்மீன் ஆனது. அதன் ஒளி புறப்பட்டது சுமார் 1,60,000 ஆண்டுகளுக்கு முன்னர். முகில்கள் பால்வீதியைப் பலமுறை சுற்றிவந்த பழைய துணைகள் அல்ல, முதன்முறையாக அண்டி வருபவையாக இருக்கலாம் என்ற கருத்து 2007 முதல் வலுத்தது. பெரிய முகிலின் நிறை பால்வீதியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும் எனக் கணிக்கப்படுகிறது. அதன் இழுப்பில் பால்வீதியே சற்று அசைந்து கொடுக்கிறது.

முகில் ஏன் தப்பிப்போக முடியாது என்பதற்கான விளக்கத்தைத் தந்தவர் சென்னையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன் இயக்கவியல் பற்றி 1942இல் நூல் எழுதிய அவர், 1943இல் இயக்க உராய்வு என்ற விளைவைக் கணித்தார். விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் கனத்த பொருள், சுற்றியுள்ளவற்றைத் தன் பின்னே திரட்டுகிறது. அந்தத் திரள் அதைப் பின்னுக்கு இழுக்க, வேகம் குறைந்து உள்ளே அமிழ்கிறது. பெரிய முகில் சுமார் 240 கோடி ஆண்டுகளில் பால்வீதியோடு கலந்துவிடும் என்று 2019இல் பிரித்தானியாவின் டர்ஹம் பல்கலைக்கழகக் குழு கணித்தது. அந்திரொமேடா பால்வீதியின்மீது மோதியே தீரும் என்பது நெடுநாள் கருத்தாக இருந்தது. 2025இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் தலைமையில் செய்த கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அந்த மோதல் நிகழவும் நிகழாமல் போகவும் ஏறத்தாழச் சம வாய்ப்பே உண்டு என்றது. வாய்ப்பைக் குறைத்தவற்றுள் ஒன்று, பெரிய மகெல்லன் முகிலின் இழுப்பு. வடக்கே 57 பாகையில் நிற்கும் பேரடையோடு பால்வீதி மோதுமா என்ற கணக்கை, தெற்கே 12 பாகைக்கு மேல் எழாத முகில் மாற்றிக்கொண்டிருக்கிறது.